பழந்துணியில் ஒரு பாடம்

கல்விப் பகுதி



"பிள்ளைய படிக்கவா அனுப்பினோம், கந்தல் தைக்கவா அனுப்பினோம்?"

ஒரு தோட்டப் பாடசாலையின் வாசலில் நின்று ஒரு தகப்பன் இப்படிக் கேட்டபோது நாமும் அங்கே இருந்தோம். அரை நாள் வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். ஏழாம் ஆண்டில் படிக்கும் அவருடைய மகள், அம்மாவின் பழைய படங்கில் ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லி முதல்நாள் இரவு வீட்டில் அழுதிருக்கிறாள். "அந்த அழுக்குச் சாக்கையா பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகப்போற? நாலு பேரு என்ன நினைப்பாங்க?" என்று தாய் மறுத்துவிட்டார். தகப்பனுக்கோ கோபம். தாம் கஷ்டப்பட்டு மலையில் வேலை செய்வது, பிள்ளையாவது புத்தகமும் பேனையுமாக இருக்கட்டும் என்றுதானே!

அவருடைய கோபத்தை நாம் குறை சொல்லவில்லை. படிப்பு என்றால் கொப்பி, கரும்பலகை, பரீட்சை என்றே நாம் எல்லோரும் பழகியிருக்கிறோம். ஊசியும் நூலும் வகுப்பறைக்குள் வந்தால் பயம் வருவது இயல்பு.

வகுப்பு டீச்சர் அவரோடு தர்க்கம் பண்ணவில்லை. "ஐயா, வந்ததே வந்தீங்க. உள்ள வந்து ஒரு பாடம் முடியிற வரைக்கும் ஒக்காந்து பாருங்க. அப்புறமும் வேணாம்னு தோணிச்சின்னா சொல்லுங்க" என்றார். அவரும் பின் வாங்கில் வந்து உட்கார்ந்தார். அன்று அவரோடு சேர்ந்து நாம் பார்த்ததையும், பிறகு படித்துத் தெரிந்து கொண்டதையும் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்து கொள்கிறோம்.

செயற்றிட்டம் என்றால் என்ன?

பிள்ளைகள் கூடி ஒரு பொருளைச் செய்கிறார்கள், அல்லது ஒரு கேள்விக்கு விடை தேடுகிறார்கள். அந்த வேலையை முடிக்கக் கணக்கு வேண்டும், விஞ்ஞானம் வேண்டும், மொழி வேண்டும். தேவை வரும்போது அந்தந்தப் பாடத்தைக் கற்றுக் கொள்கிறார்கள். கடைசியில் கையில் ஒரு பொருளும் தலையில் அறிவும் சேர்கின்றன. இதைத்தான் செயற்றிட்டம் மூலம் கற்றல் என்கிறோம்.

இது புதுப் பழக்கம் அல்ல. அமெரிக்காவில் சிக்காகோ நகரில் 1896ஆம் ஆண்டில் ஜோன் டூயி என்ற கல்வியாளர் ஒரு பரிசோதனைப் பாடசாலையைத் தொடங்கினார். அங்கே பிள்ளைகளுக்குத் துணியின் வரலாற்றைப் புத்தகத்திலிருந்து சொல்லிக் கொடுக்கவில்லை. கையில் பச்சைப் பஞ்சையும் ஆட்டு உரோமத்தையும் கொடுத்தார்கள். "பழைய காலத்து மக்கள் பருத்தித் துணியை விடக் கம்பளித் துணியையே அதிகம் உடுத்தினார்கள். ஏன்?" என்பது கேள்வி.

பிள்ளைகள் விரலால் பஞ்சிலிருந்து விதையைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒரு கூட்டம் 30 நிமிடம் உட்கார்ந்து பிரித்தும் ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் பஞ்சு கூடச் சேரவில்லை. ஆட்டு உரோமத்தில் இந்தத் தொல்லை கிடையாது. அப்போது பிள்ளைகளுக்கே விடை புரிந்து விட்டது. விதை பிரிக்கும் இயந்திரம் வந்த பிறகு பருத்தித் துணி ஏன் உலகமெல்லாம் பெருகியது என்பதும் புரிந்தது. அரை மணித்தியாலம் விரல் வலித்ததால் வந்த அறிவு இது. கொழுந்து எடுக்கிற நம் தாய்மாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு கிலோ என்றால் எவ்வளவு என்பதை உங்கள் விரல்கள் அறியும்.

இந்தியாவில் மகாத்மா காந்தி 1937 ஒக்டோபரில் வார்தாவில் ஒரு கல்வி மாநாட்டைக் கூட்டினார். கைத்தொழிலை நடுவில் வைத்து, தாய்மொழியில், மற்றப் பாடங்களை அதோடு இணைத்துச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது அவருடைய யோசனை. தமிழில் இதை ஆதாரக் கல்வி என்றார்கள். பிள்ளைகள் தக்ளியில் நூல் நூற்றார்கள். எத்தனை முழம் நூல் என்று எண்ணும்போது கணக்கு வந்தது; பருத்தி எங்கே விளைகிறது என்று தேடும்போது பூமிசாஸ்திரம் வந்தது. இதே காந்தி 1927 நவம்பரில் கதர் நிதி திரட்ட இலங்கைக்கு வந்தவர். நமது மலைநாட்டுக்கும் வந்தவர்.

நமது நாட்டில் 1997ஆம் ஆண்டுக் கல்விச் சீர்திருத்தத்தின் பின்னர், ஆரம்ப வகுப்புகளில் விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என்ற மூன்றும் சேர்ந்தே படிப்பு என்று ஆனது. ஆகவே உங்கள் பிள்ளை வகுப்பில் ஒன்றை ஒட்டினாலும், வெட்டினாலும், தைத்தாலும், டீச்சர் பொழுது போக்குகிறார் என்று நினைத்துவிடக் கூடாது.

ஏன் துணி?

முதல் காரணம் செலவு. கணினி வேண்டாம், விலை உயர்ந்த உபகரணம் வேண்டாம். எந்த லயக் காம்பராவிலும் ஒரு பழந்துணி இருக்கும்.

இரண்டாவது காரணம், துணியில் குடும்பத்தின் கதை இருக்கிறது. பாட்டன் போர்த்திய கறுப்புக் கம்பளி, மழைக்குப் போட்ட கொங்காணி, தம்பி தங்கை எல்லோரும் மாறி மாறித் தூங்கிய தொட்டில் சீலை, அக்கா வயதுக்கு வந்தபோது மாமன் எடுத்துக் கொடுத்த பாவாடை. ஒவ்வொன்றையும் தொட்டால் ஒரு பேச்சு வரும்.

உலகத்தில் பல இடங்களில் ஏழைப் பெண்கள் துணியிலேயே தங்கள் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். வங்காளத்துக் கிராமங்களில் கிழிந்த சேலைகளை அடுக்கி வைத்து, ஓட்டுத் தையலால் இணைத்துப் போர்வை செய்வார்கள். அதன் பெயர் காந்தா. தைக்கிற நூலையும் பழைய சேலைக் கரையிலிருந்தே உருவி எடுப்பது வழக்கம். அந்தப் போர்வையில் வீடு, மரம், கல்யாணம், யானை என்று தாங்கள் கண்டதையெல்லாம் தைத்தார்கள். வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929இல் வெளியிட்ட ஒரு கதைக் கவிதையில், கணவனைப் பிரிந்த ஒரு கிராமத்துப் பெண் தன் வாழ்க்கை முழுவதையும் இப்படி ஒரு போர்வையில் தைத்து, தான் செத்த பின் அதைத் தன் புதைகுழி மீது விரிக்கச் சொல்கிறாள்.

தென் அமெரிக்காவில் சிலி நாட்டில் 1973இல் இராணுவ ஆட்சி வந்தது. பலர் காணாமல் போனார்கள். அவர்களுடைய மனைவிமாரும் தாய்மாரும் சகோதரிகளும் வெட்டுத் துணிகளைச் சாக்கில் வைத்துத் தைத்து, நடந்ததைப் படமாக்கினார்கள். அந்தப் படங்களுக்கு அவர்கள் மொழியில் வழங்கும் பெயருக்கே சாக்குத் துணி என்றுதான் அர்த்தம். வாய் திறந்து பேச முடியாத காலத்தில் அந்தச் சாக்குகள் வெளிநாடுகளுக்குப் போய்ப் பேசின.

சாக்கு கேவலமான பொருள் என்று யார் சொன்னது?

ஏன் கதை எழுத வேண்டும்?

இனி அந்த ஏழாம் ஆண்டு வகுப்புக்கு வருவோம். இந்த வேலையைத் தொடங்குவதற்கு முன், "எனது தாய்" என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னாராம் டீச்சர். நாம் மேலே சொன்ன மகள் எழுதியது இது:

"எனது தாயார் மிகவும் அன்பானவர். அவர் எமக்கு அறுசுவை உணவு சமைத்துத் தருவார். நாம் பாடசாலை விட்டு வரும்போது வீட்டு வாசலில் புன்னகையுடன் காத்திருப்பார்."

எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்தத் தாயார் யார்? பாடசாலை விட்டு இந்தப் பிள்ளை வரும்போது வீடு பூட்டிக் கிடக்கும். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். அம்மா மலையிலிருந்து இறங்க நாலரை, ஐந்து மணியாகும். பிள்ளை எழுதியது ஒரு கட்டுரைப் புத்தகத்தில் இருக்கிற தாயை. அந்த வகுப்பில் பாதிப் பேர் அதே தாயைத்தான் எழுதியிருந்தார்கள்.

இதில் எழுத்துத் திறமையோடு வேறொரு விஷயமும் இருக்கிறது. தன் வீடு எழுதத் தகுந்த வீடு இல்லை, தன் அம்மாவின் வேலை கொப்பியில் எழுதுகிற வேலை இல்லை என்று அந்தப் பிள்ளை எங்கிருந்தோ படித்துக் கொண்டு விட்டது. இப்படிப் படித்த பிள்ளை வகுப்பில் வாய் திறக்காது. கேள்வி கேட்காது. கடைசியில் பாடசாலையே தனக்கு உரிய இடமல்ல என்று நினைத்து விலகிப் போகவும் கூடும். அதற்காகத்தான் அந்த டீச்சர் கட்டுரைப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, வீட்டிலிருந்து ஒரு துணியைக் கொண்டு வரச் சொன்னார்.

தாய் இரண்டு நாள் கழித்து மனமிரங்கிப் படங்கில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார். அதைத் துவைத்துக் காய வைத்துத்தான் கொடுத்தார். அதைக் கையில் வைத்துக் கொண்டு அம்மாவிடம் கேள்வி கேட்டு அதே பிள்ளை எழுதியதை இப்போது படியுங்கள்:

"அம்மாவின் படங்கில் ஐந்து ஒட்டு இருக்கிறது. மூன்று ஒட்டு அம்மா போட்டது. இரண்டு அம்மாயி போட்டது. இடது பக்கம்தான் கூடக் கிழியும். ஏன் என்று கேட்டேன். 'அந்தப் பக்கமாத்தான் செடிக்குள்ள ஒடம்ப நுழைச்சுப் போவேன்' என்று அம்மா சொன்னார். மழையில் நனைந்தால் படங்கு பாரம். அதைக் காயப்போட அடுப்புக்கு மேலே கம்பி கட்டியிருக்கிறோம். எங்கள் வீட்டில் புகை வாசம் இல்லாத உடுப்பு எனது சீருடை மட்டும்தான். அதை அம்மா தனியாக ஒரு பையில் கட்டி வைப்பார்."

இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். முதலாவதில் "அன்பானவர்" என்ற சொல் இருக்கிறது. இரண்டாவதில் அந்தச் சொல் இல்லை. ஆனால் அந்தப் பையைப் படித்தவுடன் தாயின் அன்பு நமக்குத் தெரிகிறது. கண்ணால் பார்த்ததையும், எண்ணியதையும், கேட்டதையும் எழுதினால் எழுத்துக்குப் பலம் வரும். ஆக்க எழுத்தில் முதல் பாடம் இதுதான்.

பேச்சுத் தமிழில் எழுதலாமா என்று பலர் கேட்கிறார்கள். அந்த டீச்சரின் முறை நல்ல முறை. பிள்ளை தன் வார்த்தையில் எழுதும்போது எழுத்துத் தமிழ். ஒருவர் பேசியதை எழுதும்போது மேற்கோள் குறி போட்டு, அவர் பேசியபடியே. இதனால் பிள்ளைக்கு இரண்டு தமிழும் தெரியும். அம்மாவின் வாய்ச்சொல்லும் திருத்தப்படாமல் நிற்கும். நமது சி.வி. வேலுப்பிள்ளை (1914–1984) தோட்டத்து மக்கள் வாயில் இருந்த பாடல்களைத் தேடிச் சேர்த்து நூலாக்கினார். அவர் கேட்டு எழுதாமல் விட்டிருந்தால், பாடியவர்களோடு அந்தப் பாடல்களில் எத்தனையோ போயிருக்கும்.

வகுப்பில் வேலை நடந்த விதம்

இந்த வேலை ஆறு வாரம் நடந்தது. வாரத்துக்கு இரண்டு பாடவேளை. மற்ற டீச்சர்மார் செய்ய விரும்பினால் உதவியாக இருக்கட்டும் என்று வரிசையாகத் தருகிறோம்.

முதல் வாரம் – கேட்டு வருதல். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து ஒரு துணித் துண்டும் அதன் கதையும் கொண்டு வர வேண்டும். கேள்விகள் ஐந்து. இது யாருடையது? எங்கே, எப்போது கிடைத்தது? யார் யார் பாவித்தார்கள்? எங்கே கிழிந்தது, ஏன்? இதைப் பார்த்தால் உங்களுக்கு என்ன ஞாபகம் வருகிறது? ஒரு பையனின் தாய் வெளிநாட்டில் வேலை செய்கிறார். கேட்க ஆளில்லை என்று சும்மா இருந்தான். டீச்சர் வற்புறுத்தவில்லை. அடுத்த வாரம் அவனாகவே, அம்மா அனுப்பிய பார்சலைச் சுற்றியிருந்த துணியைக் கொண்டு வந்தான். இப்படிப்பட்ட இடங்களில் பொறுமை வேண்டும்.

இரண்டாம் வாரம் – கணக்கு. வகுப்பில் 24 பிள்ளைகள். ஒவ்வொருவரும் 30 சென்ரிமீற்றர் சதுரத் துண்டு ஒன்று செய்து, எல்லாவற்றையும் இணைத்து ஒரு பெரிய விரிப்பாக்க வேண்டும். தையலுக்குள் போக ஒவ்வொரு பக்கமும் 1 சென்ரிமீற்றர் கூடுதலாக விட வேண்டும். அப்படியானால் வெட்டுகிற அளவு என்ன? 32 சென்ரிமீற்றர். வரிசைக்கு 6 துண்டு வீதம் 4 வரிசை வைத்தால் விரிப்பின் நீளம் 180, அகலம் 120 சென்ரிமீற்றர். சுற்றிலும் கரை பிடிக்க எத்தனை மீற்றர் நாடா வேண்டும்? 6 மீற்றர், மூலை மடிக்கக் கொஞ்சம் மேலதிகம். வரிசைக்கு 8 துண்டு வைத்து 3 வரிசை போட்டால் பரப்பளவு மாறுமா, சுற்றளவு மாறுமா? பரப்பளவு மாறாது, சுற்றளவு 660 சென்ரிமீற்றர் ஆகும். இந்தக் கேள்விக்குப் பிள்ளைகள் சண்டை போட்டுக் கொண்டு விடை தேடியதைத்தான் பின் வாங்கில் இருந்த அந்தத் தகப்பன் பார்த்தார். "சுத்தளவு வேற, பரப்பளவு வேறன்னு இப்பத்தான் எனக்கே வெளங்குது" என்று மெதுவாகச் சொன்னார்.

மூன்றாம் வாரம் – தேயிலைச் சாயம். எல்லாத் துணியும் கலர் மங்கியவை. அவற்றுக்குப் பின்னணியாக வைக்கப் பழைய வெள்ளைப் பருத்தித் துணியைச் சாயம் போட்டார்கள். ஒரு லீற்றர் தண்ணீரில் ஐந்தாறு மேசைக்கரண்டி தேயிலைத் தூள் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்ட வேண்டும். துணியை முதலில் வெறும் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, சாயத்தில் போட்டு அரை மணித்தியாலம் மெல்லிய சூட்டில் வைத்து, இரவு முழுக்க ஊற விட வேண்டும். மறுநாள் அலசிப் பார்த்தால் அழகான மண்ணிறம். பொலியெஸ்டர் துணி இப்படிச் சாயம் ஏற்காது. ஏன் என்று பிள்ளைகள் கேட்டபோது நார்களைப் பற்றிய விஞ்ஞானப் பாடம் தானாக வந்தது.

அடுத்து ஒரு வேடிக்கை. துருப்பிடித்த ஆணிகளை ஒரு போத்தலில் வினாகிரி ஊற்றி ஒரு வாரம் ஊற வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில் சில கரண்டியை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, தேயிலைச் சாயம் பிடித்த துணியை முக்கினால், கண் முன்னேயே சாம்பல் நிறமாகிக் கறுக்கிறது! தேயிலையில் இருக்கிற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்வதால் இப்படி ஆகிறது. வாழைக்காய் வெட்டினால் இரும்புக் கத்தி கறுப்பதும் இதே காரணத்தால்தான். இரும்புத் தண்ணீர் கூடிப் போனால் துணி நாளடைவில் இற்றுப் போகும், ஆகவே கொஞ்சமாகவே பாவிக்க வேண்டும். அடுப்பு வேலையைப் பெரியவர்கள்தான் செய்ய வேண்டும். சாயப் பாத்திரத்தைத் திரும்பச் சமையலுக்கு எடுக்கக் கூடாது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பழைய காலத்தில் கடுக்காய்த் துவர்ப்பையும் இரும்பையும் சேர்த்துக் கறுப்புச் சாயமும் செய்தார்கள், எழுதுகிற மையும் செய்தார்கள். அதே போல் கடுமையான தேயிலைச் சாயத்தில் ஆணித் தண்ணீரை விட்டால் எழுதக் கூடிய மை கிடைக்கும். பிள்ளைகள் ஈர்க்குக் குச்சியை அதில் தோய்த்துத் தங்கள் பெயரை எழுதினார்கள். அம்மா பறித்த இலையில் வந்த மையால் எழுதியபோது வகுப்பில் ஒரு சத்தம் இல்லை.

நான்காம் வாரம் – எழுதித் திருத்துதல். முதலில் மனதில் வந்தபடி எழுதினார்கள். பிறகு இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் உரத்து வாசித்தார். விளங்காத இடத்தில் கேள்வி கேட்டார். எழுதியவர் அந்தக் கேள்விக்கு விடையைச் சேர்த்து மறுபடி எழுதினார். மூன்றாம் முறைதான் டீச்சர் எழுத்துப் பிழை பார்த்தார். முதலிலேயே சிவப்பு மையால் வெட்டினால் பிள்ளை பயந்து, பிழை வராத சின்ன வசனமாக எழுதித் தப்பித்துக் கொள்ளும்.

ஐந்தாம், ஆறாம் வாரம் – தைத்து இணைத்தல். துணித் துண்டைச் சாயம் போட்ட துணியில் வைத்து ஓட்டுத் தையலால் தைத்து, அதன் கீழே ஒரு வரி, பத்துச் சொல்லுக்கு மேல் போகாமல், நூலால் எழுதினார்கள். ஒரு பக்கக் கதையைப் பத்துச் சொல்லுக்குள் அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால் தெரியும். படங்குத் துண்டுக்குக் கீழே அந்த மகள் தைத்தது: "ஐந்து ஒட்டுப் போட்ட படங்கு. என் அம்மாவுடையது."

எல்லாப் பிள்ளைகளும் அருமையாக எழுதிவிட்டார்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். சிலர் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதினார்கள். இருவர் துணியைத் தொலைத்துவிட்டார்கள். ஊசி குத்தி அழுதவர்களும் உண்டு. ஆனால் வழக்கமாகக் கொப்பியை மூடி வைத்துக் கொண்டிருக்கிற பிள்ளைகள் சிலர், இந்த ஆறு வாரமும் ஏதோ ஒன்றை எழுதினார்கள். அதை நாம் கண்ணால் பார்த்தோம்.

பெற்றோர் கேட்கும் கேள்விகள்

பரீட்சைக்கு இது உதவுமா? வாசிப்பும் கணக்குப் பயிற்சியும் கட்டாயம் வேண்டும். அவற்றுக்குப் பதிலாக இதைச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் பரீட்சையில் கட்டுரை எழுதச் சொல்லும்போது, மனப்பாடம் செய்த தலைப்பு வராவிட்டால் பல பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். பார்த்ததைச் சொந்தமாக எழுதிப் பழகிய பிள்ளைக்கு எந்தத் தலைப்பும் கைகொடுக்கும்.

தையல் பொம்பளப் பிள்ளைகள் வேலை இல்லையா? டவுனில் கடை வைத்துக் காற்சட்டை தைப்பவர்களில் ஆண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். சாக்கு ஊசி பிடிக்காத ஆம்பளை தோட்டத்தில் உண்டா? பையன்களும் பொத்தான் தைக்கப் பழகட்டும். அந்த வகுப்பில் மிக நேராகத் தைத்தவன் ஒரு பையன்தான்.

எங்களுக்கு எழுத வாசிக்கத் தெரியாதே, எப்படி உதவுவது? இந்தப் பாடத்தில் நீங்கள்தான் டீச்சர். பிள்ளை கேட்கிற கேள்விக்கு விடை உங்களிடம் மட்டுமே இருக்கிறது. நீங்கள் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். எழுதியதை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பிழையாக எழுதியிருந்தால் "அப்பிடி இல்லடா, இப்பிடித்தான் நடந்திச்சி" என்று திருத்துங்கள்.

இதில் காலதாமதம் கூடாது. நமது மக்கள் மலையகத்துக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தார்கள். அந்தப் பாதையில் நடந்து வந்த முன்னோர் தங்கள் கையால் எழுதி வைத்தது மிகக் கொஞ்சம். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இன்று லயத்து வாசலில் வெயில் காய்கிற தாத்தாவும் அம்மாயியும். அவர்கள் கேட்டு வளர்ந்த கதை அவர்களோடு இருக்கிறது. இன்று கேட்காவிட்டால் நாளைக்கு யாரிடம் கேட்பது?

வீட்டில் செய்து பாருங்கள்

ஒன்று: ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் உள்ள மிகப் பழைய துணியை எடுத்து நடுவில் வையுங்கள். மேலே சொன்ன ஐந்து கேள்விகளையும் பிள்ளை கேட்கட்டும். வீட்டிலேயே மூத்தவர் முதலில் பேசட்டும்.

இரண்டு: பிள்ளை பத்து வரி எழுதட்டும். "அன்பான", "அழகான", "சிறந்த" என்ற சொற்களைப் பாவிக்கக் கூடாது. எண்ணியதும், கண்டதும், கேட்டதும் மட்டும்.

மூன்று: எழுதிய தாளில் திகதியும், சொன்னவர் பெயரும், தோட்டத்தின் பெயரும், டிவிஷனும் போட்டு வையுங்கள். துணியில் ஒரு சிறு துண்டை அதோடு தைத்து வைத்தால் இன்னும் நல்லது. பிறப்புச் சாட்சிப் பத்திரம் வைக்கிற பையிலேயே இதையும் வையுங்கள்.

அந்த விரிப்பு பாடசாலை மண்டபச் சுவரில் தொங்கவிடப்பட்ட அன்று பெற்றோரையும் அழைத்திருந்தார்கள். தகப்பன் வந்திருந்தார். தாயும், கொழுந்து நிறுத்துவிட்டு நேராக வந்து, மற்றவர்களுக்குப் பின்னால் நின்றார். மகள் தான் எழுதியதை வாசித்தாள். சீருடைப் பையைப் பற்றி வாசித்தபோது தாய் முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டார். முடிந்ததும் தகப்பன் டீச்சரிடம் போனார். "நல்லாத்தான் இருக்கு டீச்சர். ஆனா கணக்க மட்டும் விட்டுறாதீங்க" என்றார். டீச்சர் சிரித்துக் கொண்டே, அடுத்த தவணைக்கு அவர் வீட்டுக் கறுப்புக் கம்பளியின் கதை வேண்டும் என்றார்.

"அது எங்க அப்பா போர்த்தினது" என்றார் அவர். பிறகு அங்கேயே வாங்கில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். மகள் கொப்பியைத் திறந்தாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை எழுதியதையும் நமது இதழுக்கு அனுப்பி வையுங்கள். எழுத்துப் பிழைக்காகத் தயங்க வேண்டாம். நாம் எல்லாவற்றையும் வாசிப்போம்.